ஆறரை மணி விளக்கு

அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நின்றவள் நான். எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பெயரை இருமுறை கேட்க வேண்டும். மாத்திரையை எண்ணிக் காட்ட வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் செய்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு கேள்வியை நானாகச் சேர்த்துக்கொள்வேன்.

"அந்த நேரத்துக்கு வீட்ல என்ன சாக்கு வெச்சிருக்கீங்க?"

கேட்டதும் முகம் மாறிவிடும். கூலிம் ஃபேக்டரியில் வேலை செய்த ஒருவன் என்னையே முறைத்தான். "ஹோஸ்டல்ல ஆறு பேரோட இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னாக்கா?" யாரும் சொல்லவில்லை. சந்தேகப்படுவது எனக்குப் பழைய தொழில். ஒன்பது வயதில், கூலிமுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், என் சித்தியை வைத்து அதைப் பழகினேன்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு டிபி பாதி குணமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சில மாதம் படுத்திருந்து, இருமல் நின்று, இன்னும் ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இது சித்தப்பாவுக்குத் தெரியும். மாதாமாதம் டவுனுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்ததே அவர்தான். அத்தைக்குத் தெரியாது. அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அடுத்த லயத்தில் ஒருத்தி இருமுகிறாள் என்று கேள்விப்பட்டதும், அவள் சாப்பிட்ட தட்டை வேலிக்கு அப்பால் வீசச் சொல்லி, அவளைத் தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பும்வரை ஓயாதவர். அந்த அக்காவுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் வழக்கம் சித்தப்பாவுக்கு இல்லை. தெரிந்தால் சித்தியும் அதே பஸ்ஸில்தான் போவாள்.

இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தவை. அப்போது தெரிந்ததெல்லாம், வந்த முதல் வாரமே சித்தி விளக்கேற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பதுதான். மாலை ஆறரைக்கு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, சாமி மேடையின் திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே நிற்பாள். ஒரு நாளும் ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகாது.

"பாத்துக்குங்க, எங்க வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு எவ்ளோ பக்தி" என்று அத்தை குழாயடியில் பெருமை பேசினார்.

நான் நம்பவில்லை. என்னிடம் காரணங்கள் இருந்தன. சித்திக்கு ஒரு சாமி பாட்டுகூட முழுதாகத் தெரியாது. திரைக்குப் பின்னால் சினிமாப் பாட்டுதான் முனகினாள். டம்ளர் நிறையத் தண்ணீரோடு போனவள் காலி டம்ளரோடு வந்தாள். போதாததற்கு, நான் பக்கத்தில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற சித்திகளைப்போல ஒரு நாளும் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டதில்லை. குற்றம் உள்ள மனசு என்று தீர்மானித்தேன். சாமிக்கு வைக்கும் கற்கண்டைத்தான் தின்கிறாள். அதே குற்றத்துக்கு நான் ஏற்கெனவே அடி வாங்கியவள் என்பதால் திரையின் பயன் எனக்குத் தெரியும்.

கற்கண்டை எண்ணி வைத்தேன். பதினாறு. மறுநாளும் பதினாறு. குறையவில்லை என்பது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

வேறு கணக்கு எடுத்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் சாமி மேடைப் பக்கம் போகாமல் பின்கட்டில் பாய் போட்டு உட்கார்வார்கள். காக்கா தொட்டுவிட்டது என்பதுதான் குழந்தைகளுக்குச் சொன்ன காரணம். அந்தக் காக்கா எங்கள் வீட்டில் முறை வைத்து வந்து போவதாக நான் நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கண்டுபிடிப்பை வெளியிட்டேன்.

"அத்த, சித்திய மட்டும் ரெண்டு மாசமா காக்கா தொடவே இல்ல."

அம்மாவின் கை சோற்றில் நின்றது. அத்தை விரல்விட்டு எண்ணினார். பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அடிப்பாவி, சொல்லவே இல்லியே!" என்று சித்தியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்றிலிருந்து சித்தி வாளி தூக்கக்கூடாது, குனிந்து கூட்டக்கூடாது. மாங்காய் வந்தது. சித்தி அதைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மாங்காய் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் காக்கா வந்துவிட்டது. கூடவே இருந்து தாங்கிக்கொண்டிருந்த அத்தையிடம் அதை மறைக்க முடியவில்லை. முதலில் அவருக்கு வருத்தம்தான். அப்புறம் கணக்குப் போட்டார்.

"அப்ப போன ரெண்டு மாசமும் தீட்டோடதான் விளக்கேத்துனியா?"

சித்தியின் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போனது.

"வாயத் தொற. சாமிகிட்டயே போய் இப்படி விளையாடுவியா? உங்க அம்மா வீட்ல இதுதான் கத்துக் குடுத்தாங்களா?"

அத்தை சித்தியைப் பின்கட்டுக்கு அனுப்பினார். மேடையில் இருக்கும் படம், டின், டப்பா ஒன்று விடாமல் இறக்கி மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று அறிவித்துவிட்டு, தண்ணீர் பிடிக்க வாளியோடு குழாயடிக்குப் போனார். நாற்பது பேர் நிற்கும் குழாயடியில் நியாயம் கேட்கவும் அவருக்கு நேரம் தேவைப்பட்டது.

கடிகாரத்தில் ஆறரை. பின்கட்டிலிருந்து சித்தி மெதுவாகக் கூப்பிட்டாள். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"பாப்பா, முருகன் படத்துக்குப் பின்னால ஒரு திருநீறு டின் இருக்கு. எடுத்துட்டு வந்துடு, என் தங்கம்ல. தொறக்காத."

தொறக்காத என்று சொல்லாமலிருந்தால் ஒருவேளை நான் திறந்திருக்க மாட்டேன். திறந்தேன். திருநீறு இல்லை. வெள்ளை மாத்திரைகள். தோட்டத்தில் மனசு வெறுத்துப் புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவர்கள் கதை எனக்குத் தெரியும். திட்டு வாங்கியவள், ஒளித்து வைத்த டின், தொறக்காத. எல்லாம் பொருந்தி வந்தது. டின்னோடு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, சித்தி சாகப்போறாங்க. வெஷம்."

அம்மா டின்னுக்குள் பார்த்தாள். மூடினாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"மணி என்னா?"

"ஆறு நாப்பது."

"பத்து நிமிசம் போயிடுச்சு. இந்தா தண்ணி, ஓடு. அத்த கேட்டா நீ எதையும் பாக்கல."

ஓடினேன். சித்தி இரண்டு மாத்திரைகளை ஒரே மடக்கில் விழுங்கியதையும், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதையும் யாரும் பார்க்கவில்லை. சித்தி சாகவும் இல்லை. சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அத்தை மேடையை இறக்கிக் கழுவினார். அவர் கண்டுபிடித்தது, கற்கண்டில் இரண்டு குறைகிறது என்பதை மட்டும்தான். அது விசாரணையின்போது நேர்ந்த செலவு. அடி எனக்கு.

விளக்கேற்றும் வேலை அத்தையிடமே திரும்பிப் போனது. டின் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் குடிவந்தது. தினமும் மாலை ஆறரைக்கு அம்மா குரல் கொடுப்பாள்: "ஏம்மா, வந்து கொஞ்சம் உப்பு பாரு." சித்தி உள்ளே போவாள், உப்புப் பார்த்துவிட்டு வருவாள்.

"பன்னெண்டு வருசமா சமைக்கிறா, இன்னும் உப்பு தெரியலியாம்லா" என்று அத்தை முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். எனக்கும் அதே எண்ணம்தான். ரசம் வைக்காத நாளிலும், வெறும் ரொட்டி தின்ற நாளிலும் உப்புப் பார்க்கப்பட்டது.

பிறகு ஒரு நாள் ஆறரை ஆயிற்று. அம்மா கூப்பிடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அடுப்படியைப் பார்த்தேன். அப்போதுதான் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து சித்தப்பாவோடு வெறுங்கையாய்த் திரும்பியிருந்த சித்தி நேராக என்னிடம் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பதினொரு வயதை நெருங்கிக்கொண்டிருந்த என்னை மடியில் இழுத்துப் போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்திக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். இவ்வளவு கொஞ்சிவிட்டு என்னிடம் என்ன வேலை வாங்கப் போகிறாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.