படகேறிப் போன டி.வி.டி. பிளேயர்கள்

டி.வி.டி. பிளேயர் விற்பது சுகமான வேலை, வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேரும் வரைக்கும்.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து ஊர்காவற்றுறையில் புதிதாகப் போட்ட ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். வந்த சனம் எல்லாருக்கும் அதுதான் முதல் பிளேயர். விற்ற எனக்கும் அதுதான் முதல். காலையில் கடை திறக்கும்போதே, இன்றைக்கு யார் வீட்டில் படம் ஓடப்போகிறது என்று மனம் துள்ளும். டி.வி.க்குப் பின்னால் குனிந்து, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களுக்கு ஓட்டை தேடிக் கழுத்துப் பிடித்துக்கொண்ட உங்களுக்கு என் பாடு விளங்கும்.

பாரம் பார்த்தவர்

எங்கள் முதல் வாடிக்கையாளர் வேலணை ஐயா ஒருவர். முன்பு தென்பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மூன்று பிளேயர்களை மேசையில் வைத்து, எது எந்த டிஸ்க்கை ஓட்டும், எதில் என்ன வசதி என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே பாரமானதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயா, அதில பாரம் அடித்தட்டு இரும்பாலதான். மற்றதுதான் திறம்" என்றேன், நேர்மையாக. அவர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. "இரும்பெண்டாலும் உள்ளுக்க ஏதோ இருக்குதெல்லே, தங்கச்சி?"

நாவல் நிறச் சேலை

சுருவிலில் இருந்து வந்த புவனேஸ்வரி அக்காவின் முறை வேறு. கைலேஞ்சித் துணிக்குள் சுற்றி ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். கனடாவில் நடந்த மகளின் கலியாணம். விசா கிடைக்காமல் அவரால் போக முடியவில்லை. "இது எந்தப் பெட்டியில ஓடுதோ, அந்தப் பெட்டியைத் தாரும்" என்றார். இதைவிடத் தெளிவாகக் கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

கடை டி.வி.யில் போட்டேன். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். அடுத்த பிளேயரிலும் அதே. அக்காவின் முகம் வாடியது. "அங்க கலர் இல்லாமலே எடுத்தவை?" என்றார். அந்த நாட்டு வீடியோ முறை வேறு, எங்கள் பழைய டி.வி.யின் முறை வேறு என்பது அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். மூன்றாவது பிளேயரின் ரிமோட்டை எடுத்து, உள்ளே உள்ள ஒவ்வொரு தெரிவாக மாற்றிக்கொண்டு போனேன். ஒரு அமத்தலில் திரை முழுக்க நிறம் பூத்தது! மணவறை, மாலை, மஞ்சள் வாழைப்பழம், எல்லாம். நான் சத்தம் போட்டே விட்டேன்.

அக்கா கதிரையை விட்டு எழும்பி, திரைக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டுகிற மாதிரி நின்று மகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார். "மணவறைக்கெண்டு நாவல் நிறச் சேலை வாங்கி அனுப்பினனான், கள்ளி, பச்சையெல்லே உடுத்திருக்கிறாள்!"

ஐந்து ஸ்பீக்கர்

நயினாதீவுக் கணேசண்ணை பிளேயரோடு ஐந்து ஸ்பீக்கரும் கேட்டார். இரண்டு நாள் கழித்து ரெலிபோன்: "பாட்டு நல்லாக் கேக்குது, பிள்ளை. ஆனா ஒருத்தரும் கதைக்கினமில்லை. வாயை மட்டும் அசைக்கினம்." குறிகட்டுவான் துறையில் படகேறிப் போனேன். விறாந்தையில் அவரும் தம்பிமாரும் திரையைப் பார்த்தபடி, யார் என்ன சொல்லியிருப்பார் என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர்களை எண்ணினேன். நான்குதான் இருந்தன.

ஐந்தாவதின் வயர் சுவரோரமாகக் குசினிக்குள் போயிருந்தது. சமைக்கிற மனைவியும் கேட்கட்டும் என்று அண்ணைதான் அதை அங்கே வைத்தாராம். படத்தில் பேச்சு வருகிற நடு ஸ்பீக்கர் அதுதான். டி.வி.க்குக் கீழே வைக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் விற்றிருந்தேன். கழற்றப் போனபோது, அண்ணையின் மனைவி லீலாவதி அக்கா அகப்பையால் மறித்தார். "அதில கை வையாதையும், இந்த வீட்டில ஒரு கதையாவது மற்ற ஆக்களுக்கு முந்தி என்ர காதில விழுந்தது இப்பத்தான்!"

நெடுந்தீவில் ஒரு மத்தியானம்

நெடுந்தீவில் மாடு வளர்க்கும் சிவபாதம் அண்ணை பிளேயர் வாங்கியபோது, டி.வி.யில் பூட்டித் தரவும் நானே வரவேண்டும் என்றார். பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்தபடி படகில் போனேன். அலை அடித்த ஒவ்வொரு முறையும் குனிந்து அதை மூடினேன். நான்தான் தெப்பமாக நனைந்தேன். வீட்டுக்குப் போனால் முற்றம் நிறையச் சனம். ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டாரையும் அழைத்திருந்தார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

டி.வி.யைத் திருப்பினேன். பின்னால் அன்ரனா செருகுகிற ஒரே ஒரு ஓட்டை. மஞ்சளுக்கும் இடமில்லை, சிவப்புக்கும் இடமில்லை. திரும்பிப் போகும் படகுக்கு இரண்டு மணித்தியாலம்தான். சிவபாதம் அண்ணை மெதுவாகக் கேட்டார்: "ஏலாதோ, தங்கச்சி?" அத்தனை பேருக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. "ஆரிட்டயும் பழைய டெக் இருக்கோ?" என்று கத்தினேன். கசெட் போட்டுப் படம் பார்த்த காலத்து டெக்கில் இந்த வயர்கள் செருகவும் இடம் உண்டு, அன்ரனா வழியாக டி.வி.க்குப் படம் அனுப்பவும் வழி உண்டு. ஒரு வாத்தியார், "என்ரயில கசெட் சிக்கிக் கிடக்குது, ஓடாது" என்றார். "ஓட வேண்டாம், லைற் எரிஞ்சாக் காணும்!" என்றேன். சைக்கிளில் பறந்துபோய்க் கொண்டுவந்தார். தூசி தட்டி, பிளேயரை டெக்கிலும், டெக்கை டி.வி.யிலும் பூட்டினேன். லைற் எரிந்தது. டி.வி.யில் அலைவரிசையைத் தேடித் திருகினேன். புள்ளி, புள்ளி, வெறும் புள்ளி. பிறகு ஒரு முகம்! முற்றம் முழுக்கக் கைதட்டியது. சிவபாதம் அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வாத்தியார் மட்டும் தன் டெக்கைத் தடவியபடி சொன்னார்: "வாங்கின நாள் தொடக்கம் என்ர வீட்டில மக்கர் பண்ணினது, அடுத்த வீட்டிலயெண்டால் என்ன வடிவா வேலை செய்யுது பாருங்கோ!"

இத்தனை வீடுகளில் படம் ஓட வைத்தும், படகு நேரத்தால் ஒரு படத்தின் முடிவையாவது பார்க்கக் கொடுத்துவைக்காதவள் இந்தத் தீவுகளிலேயே நான் ஒருத்திதான்.