கண் கிளினிக்கில் காணாமல் போன வரிசை

மென்பொருள் எழுதுகிறவனுக்கு வேகம் பிடிக்கும். அதை வாங்குகிறவருக்கு மறதி பிடிக்காது. ஏதோ ஒரு டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட தோழர்களே, உங்களுக்கும் இது தெரிந்ததுதான்.

வேகம்

நான் பாறசாலைக்காரன். பெருங்கடவிளைப் பக்கத்துக் கண் கிளினிக் ஒன்றுக்கு டோக்கன் மென்பொருள் எழுதினேன். சீட்டு கிடையாது, வந்தவரின் பெயரும் எண்ணும் திரையில் தெரியும். இவற்றை எங்கே வைப்பது? மெமரியில் மட்டும் வைக்கும் டேட்டாபேஸ் கரும்பலகை போல: எழுதுவதும் படிப்பதும் நொடியில் முடியும், கறண்டு போனால் எல்லாம் அழிந்துவிடும். டிஸ்கில் எழுதுவது நோட்டுப் புத்தகம் போல: மெதுவு, ஆனால் அழியாது. கிளினிக்கில் இன்வெர்ட்டர் இருந்தது, கறண்டு போனாலும் கம்ப்யூட்டர் ஓடும். கரும்பலகையையே வைத்தேன்.

வரவேற்பு மேசை ஸ்டெல்லா அக்காவிடம் அதன் வேகத்தைக் காட்டினேன். பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "பாஸ்ட்டெல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு மக்கா. டாக்டர் ஒரு ஆளப் பாக்க பத்து நிமிசம் ஆக்கும்."

இன்வெர்ட்டர்

டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், மதியம் கிளம்பிவிடுவார். ஒரு செவ்வாய் காலை கறண்டு போனது. கண் பார்க்கும் விளக்குக்கு இன்வெர்ட்டரில் சார்ஜ் வேண்டுமே என்று மற்றதையெல்லாம் அணைப்பது அங்கே வழக்கம். அக்கா முதலில் அணைத்தது கம்ப்யூட்டரை. கறண்டு வந்து திரும்பப் போட்டால், திரையில் ஒரு பெயர்கூட இல்லை.

அக்கா போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோருமே முதலில் வந்தவர்களாக இருந்தார்கள். கள்ளிக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த செல்லப்பன் அண்ணனுக்கு, கண் ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும். மூன்றாவது ஆளாக இருந்தவர், தள்ளுமுள்ளில் கடைசிக்குப் போனார். அவர் முறை வருமுன் டாக்டர் கிளம்பிவிட்டார். அண்ணன் என்னிடம் கேட்டார்: "எலே, கண்ணு மங்கின எனக்கு எனக்க எடம் ஓர்மை உண்டு, மறக்கல. உனக்க மெசினுக்கு ரெண்டு மணிக்கூறு ஓர்மை நிக்காதா?"

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

மறுநாள் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். பெயர்கள் மெமரியில்தான் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமும் டிஸ்கில் பதிவாகும். நடுவில் கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தோம். கடைசியாகச் சேர்த்த நான்கு பெயர்கள் போயின. "நாலுதானே அக்கா" என்றேன்.

"அதுல ஒண்ணு செல்லப்பண்ணன் பேரா இருந்தா, நீயாக்கும் வந்து சமாதானம் சொல்லணும்."

ஒவ்வொன்றாக

ஒவ்வொரு பெயரையும் டிஸ்கில் எழுதி முடித்த பிறகே திரையில் காட்டும்படி மாற்றினேன். அளந்து பார்த்தால் பல மடங்கு மெதுவு. பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த செவ்வாயும் கறண்டு போனது. அக்கா கம்ப்யூட்டரை அணைத்தார். நான் சுவரோரம் நின்றேன். கறண்டு வந்ததும் வரிசை அப்படியே வந்தது. செல்லப்பன் அண்ணன் இரண்டாவது. உள்ளே போனவர் ஆப்பரேஷனுக்கு நாள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். என்னிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பேனாவால் '2' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"மெசின் இப்ப கொள்ளாம் மக்கா. எதுக்கும் இருக்கட்டும்னு நானும் ஒண்ணு எழுதி வச்சேன்."

இப்போதெல்லாம் எந்த டேட்டாபேஸ் நல்லது என்று யாராவது கேட்டால், கறண்டு போனால் முதலில் எந்த ஸ்விட்சை அணைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.