கதவைத் தட்டாத அக்கா

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கும் உறவினர்களுக்கும், அக்காவின் வீட்டில் குடியிருந்து போனவர்களுக்கும், இன்னும் குடியிருப்பவர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அக்காவின் பிள்ளைகள் இருவரும் கேட்டார்கள். நாலு என்ன, பத்தே எழுதுகிறேன், ஆனால் மற்றதையும் எழுதுவேன், நடுவில் கத்தரி வைத்தால் கட்டுரையே கிடையாது என்று சொல்லிவிட்டேன். பெரியவன் சரி என்றான். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே.

அக்கா பிறந்தது செங்கல்பட்டில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டில். அப்பாவுக்கு அரிசி மண்டியில் வேலை. வீட்டுக்காரம்மா நினைத்த நேரத்தில் உள்ளே வருவார், அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். அக்கா பெரியவளாகி மூலையில் உட்கார்ந்திருந்தபோதும் வந்தார். தீட்டுத் துணியை எங்கே அலசுகிறீர்கள், என் கிணற்றடியிலா என்று அப்பா, நான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கேட்கும்படி விசாரித்தார். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இப்படி அடிபட்டவர் பின்னாளில் குடித்தனக்காரர்களிடம் இரக்கமாக இருந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அக்கா கற்றுக்கொண்டது வேறு. சொந்தமாக வீடு இருந்தால் யாரையும் எதையும் கேட்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொண்டார்.

திருமணமாகி சதுரங்கப்பட்டினம் பக்கம் வந்தார். அக்காவின் கணவருக்கு அரசாங்க வேலை, தங்கமான மனிதர், வாய் பேசாதவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு பேருமாகக் கீழே மூன்று, மேலே இரண்டு என்று ஐந்து போர்ஷன் உள்ள வீட்டைக் கட்டினார்கள். சிமெண்ட் மூட்டையை அக்காவே தலையில் சுமந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூச்சு வேலை முடிந்து பெயிண்ட் வாடை போவதற்குள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு, வந்த வாடகையில் இருவரையும் இன்ஜினியராக்கினார் அக்கா. யாரிடமும் போய் நிற்கவில்லை, என்னிடம்கூட. இந்த உழைப்பைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைக்கக் காத்திருந்த சம்பளக்காரக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் குடிவந்தன. திருச்சி, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். கீழே ஒன்றில் அக்கா இருந்தார், மற்ற நான்கு போர்ஷனுக்கும் மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. அவர்கள் வேலைக்கோ கடைக்கோ போனதும், "வூட்ட பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்புவார். சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்க்கப் போவதாகத்தான் பேச்சு. ஆணியோடு திரும்பினால் பரவாயில்லை. யார் வீட்டில் தனித்தனியாகப் படுக்கிறார்கள், யார் எந்த டாக்டரிடம் மாத்திரை வாங்குகிறார்கள், எந்த மாமியாருக்குத் தெரியாமல் எந்த மருமகள் என்ன வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் சாயங்காலம் குழாயடிக்கு வந்துவிடும். தனியாகப் பூட்டு வாங்கிப் போட்ட ஒரு வாத்தியார் குடும்பத்தை அந்த மாதமே காலி செய்ய வைத்தார்.

எனக்கு மறைமலைநகரில் வேலை, விடுமுறை நாட்களில் அக்கா வீட்டுக்குப் போவேன். ஒருமுறை கேட்டேவிட்டேன், வாடகை வாங்கிக்கொண்டு ஏன் இப்படி நுழைகிறாய் என்று. "வாடகைக்குத்தான்டா வுட்டுக்கீறேன், எழுதியா குட்த்துட்டேன்?" என்றார். அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இனி எழுதப்போவது மாடி வீட்டில் குடியிருந்த ஓர் அம்மாவைப் பற்றி. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். நடந்ததை எழுதுங்க சார், என் பேரு மட்டும் வேண்டாம் என்றார். அதனால் மாடி வீட்டு அம்மா என்றே எழுதுகிறேன். அவரும் அவர் கணவரும் கும்பகோணம் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது.

2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. மீனவக் குப்பத்திலிருந்து ஈரத் துணியோடு ஓடிவந்த ஜனங்களை அக்காதான் கேட்டைத் திறந்து உள்ளே இழுத்தார். அரையாண்டு லீவுக்கு மூன்று குடித்தனங்கள் ஊருக்குப் போயிருந்தன, மாடி வீட்டு அம்மாவின் குடித்தனமும் அதில் ஒன்று. அந்த மூன்று வீட்டையும் தன் சாவியால் திறந்து குடும்பம் குடும்பமாக உட்காரவைத்தார் அக்கா. குடித்தனக்காரர்களின் அரிசியில் பொங்கினார், அவர்களுடைய புடவைகளை எடுத்து உடுத்தக் கொடுத்தார். வாந்தி எடுத்த கிழவர்களுக்குத் தன் கையால் துடைத்துவிட்டார். அந்த வாரம் அவர் கண் மூடியதாக எனக்கு நினைவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது, நானும் கும்பிட்டேன். ஊரிலிருந்து திரும்பிய குடித்தனக்காரர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் புடவைக்குக் கணக்குப் பார்ப்பவர் மனிதரா?

மாடி வீட்டு அம்மா கணவரோடு திரும்பி வந்தது அதே வாரத்தில் ஒரு சாயங்காலம். நான் கேட் அருகே நின்றிருந்தேன். மீனவப் பெண் ஒருவர் ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றார். பையன் போட்டிருந்தது நீலச் சட்டை, மார்பில் யானை பொம்மை. மாடி வீட்டு அம்மா பையைக் கீழே போட்டார். போய் அந்தப் பையனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். பிள்ளையைப் பெற்றவள் மிரண்டுபோய் என்ன என்று கேட்க, மாடி வீட்டு அம்மாவின் கணவர்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான், ஊரில் இருந்தபோதே மூளைக்காய்ச்சலில் போய்விட்டான், அவன் துணிகள் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் இருந்தன.

கேட்டதும் அந்த மீனவப் பெண் சட்டையை உருவித் தரையில் போட்டார். நேரே அக்காவின் வாசலுக்கு வந்தார். "செத்த கொயந்த துணியவா யம்மா எம் புள்ளிக்கு மாட்டி வுட்ட? நேத்துதான் எம் பெரிய பொண்ண பொதச்சிட்டு வந்துக்கீறேன், இதுவும் போவணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெட்டியிலிருந்த மற்ற சட்டைகளும் வேறு வேறு குழந்தைகள் மேல் இருந்தன. விஷயம் பரவியதும் பெண்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் கழற்றி மணலில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். மாடி வீட்டு அம்மாவுக்கு மிஞ்சியது குழாயடிச் சேற்றில் கிடந்த அந்த ஒரு சட்டைதான்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது, அது அவருடைய இன்னொரு நற்குணம். "அவ நல்லதுக்குத்தான் எடுத்தேன். செத்த புள்ள துணிய வூட்ல வெச்சிகினு இருந்தா இன்னொன்னு எப்டி தங்கும்? எத்தினியோ நாளா பாத்துகினுதான் இருந்தேன். அதெல்லாம் என் வூட்ல இருக்கக் கூடாது" என்றார்.

மாடி வீட்டு அம்மா சேறு படிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். கத்தவில்லை. "எம் பெட்டிய எத்தனை தடவைம்மா தொறந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பொங்கலுக்கு முன்பே அவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அந்தப் போர்ஷனுக்கு அக்கா வெள்ளையடித்து வேறு ஆளை வைத்தார். அப்புறமும் வீடு பார்க்கப் போவதை நிறுத்தவில்லை.

அக்காவின் கடைசி நாட்களைப் பற்றியும் எழுத வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் தப்பியது. முன்னறையில் கட்டில் போட்டோம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருவது நம் ஜனங்களின் வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் எப்படிப் பார்த்தீர்கள்? சொல்லாமல் வந்தீர்கள், செருப்பைக்கூட அவசரமாகக் கழற்றிவிட்டு வந்தீர்கள். படுக்கைப் புண் எவ்வளவு பெரிசு என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தீர்கள். நர்ஸ் துணி மாற்றும்போது சுற்றி நின்று, எப்படி இருந்த உடம்பு என்று பேசிக்கொண்டீர்கள். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று இன்னும் பக்கத்தில் வந்தீர்கள். உங்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

மருந்து வாங்கித் தந்த கடைக்காரருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்ணுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும் நன்றி. இது உண்மையான நன்றி.

கடைசியாக ஒரு நன்றி இருக்கிறது. போவதற்குச் சில நாட்கள் முன்பு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மாடி வீட்டுக்காரியைக் கூட்டி வா, அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு அழுதார். விசாரித்ததில் அவர்கள் மறைமலைநகரிலேயே, என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்தார்கள். பிறகு பிள்ளை பிறந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவர்கள் வீட்டு விஷயம். கூப்பிட்டதும் அந்த அம்மா என்னோடு பஸ் ஏறி வந்தார்.

முன்னறைக் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. நான் உள்ளே போய்விட்டேன், அவர் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார். நர்ஸ் அப்போதுதான் அக்காவைப் புரட்டித் துடைத்துக்கொண்டிருந்தார், மேலே துணி இல்லை. மாடி வீட்டு அம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, திறந்திருந்த கதவில் விரலால் தட்டினார்.

"உள்ள வரலாமாம்மா?"

படுத்திருந்த அத்தனை மாதத்தில் அக்காவை அப்படி ஒருவர் கேட்டதே இல்லை. அக்கா பதறிப்போய், நல்ல கையால் போர்வையைத் தேடிக்கொண்டே, "வாணாம், வாணாம், இப்ப வராத" என்றார்.

"சரிங்கம்மா" என்று அவர் படியிறங்கிப் போய்விட்டார். நான் பின்னால் ஓடிக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று சொன்ன பிறகு எப்படி வருவது சார் என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அக்காவைப் போர்த்திவிட்டிருந்தார்கள். தலையையும் வாரி விட்டிருந்தார்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்கடா அவ? இன்னாடா, பூட்டாளா?" என்று கேட்டார்.

"நீ வேணாம்னு சொன்னல்ல அக்கா" என்றேன். "வேணாம்னா வர மாட்டாங்க."