அஞ்சலிக்கு ஒரு குண்டெழுத்து

பனர்க் கடையில் குண்டெழுத்து வரையும்போது ஜெசிதாவின் கன்னமும் சேர்ந்து உப்பிக்கொள்ளும். எழுத்தை முடித்த பிறகுதான் மூச்சை விடுவாள். பிறந்தநாள், கூல்பார், ரியூசன் என்று எல்லாவற்றுக்கும் குருநகர்ச் சனம் அந்த விளையாட்டு எழுத்தையே கேட்டுக் கேட்டு, இப்போது வருவது பெருமூச்சுத்தான்.

அன்று லெனாட், செத்துப்போன தகப்பனின் அஞ்சலிப் பனருக்குப் படம் கொண்டுவந்தான். கோட்டும் ரையுமாக யாரோ ஒருவர்.

“குண்டெழுத்திலை போடுங்கோ அக்கா. ரோஸ் நிறத்திலை.”

“செத்தவீட்டுக்கோ? சனம் என்னையெல்லோ ஏசும்!”

“அப்பாவை ஆக்களுக்குத் தெரியவேணும், அக்கா.”

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. அடித்துக் கொடுத்தாள், ஏச்சுக்குப் பயந்து செத்தவீட்டுப் பக்கம் போகவில்லை.

பிறகுதான் கேள்விப்பட்டாள். படத்தில் ஆளை மட்டுக்கட்டாத சனம் எழுத்தைக் கண்டதும், “ஐயோ, எங்கடை ஐஸ்கிறீம்காரர்!” என்று அழுததாம். அவர் ஐஸ்கிறீம் விற்ற வான் வண்டியில் ரோஸ் நிறத்தில் இருந்ததும், யாரோ பார்த்துக் கொப்பியடித்த அவளுடைய குண்டெழுத்துத்தான்.