குதிரை மயிருக்கு வைத்த எண்ணெய்

என் கையெழுத்து சீராக இராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன் கதைக்கக் கூச்சப்படுகிறவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இருந்தபோது அக்கா வயலின் வாசிப்பாள். கோயில் கச்சேரிக்கு இந்தியாவிலிருந்து வந்த வித்துவான் ஒருவர், வெள்ளிக்கிழமை வந்து வாசித்துக்காட்டும்படி அவளிடம் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் தன் ஊருக்கு அழைத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லித்தருவாராம். அக்கா சாப்பாட்டை மறந்து வாசித்தாள். வாசித்த வாசிப்பில் வில்லின் மயிர் பாதிக்கு மேல் அறுந்தது. கொழும்புப் பாதை மூடிக்கிடந்தது. பட்டணத்துக் கடையில் வில்லுக்கு மயிரும் இல்லை, சத்தம் வர அதில் தேய்க்கும் ரோசினும் இல்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மீன்பிடி வள்ளம் வைத்திருந்தார். நெடுந்தீவுக்குப் போய், அங்கே ஆளில்லாமல் கட்டாக்காலியாக மேயும் குதிரையின் வாலிலிருந்து ஒரு பிடி வெள்ளை மயிர் கொண்டுவந்தார்.

“குதிரை சும்மா தந்ததெண்டு நினைக்காதை பிள்ளை. என்ரை முழங்காலைப் பார்!”

அக்கா அதைக் கொடியில் தொங்கவிட்டுக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது மயிர் பளபளத்தது. அம்மா அதைச் சிக்கெடுத்து, அக்காவின் தலைக்குச் செய்வதுபோல எண்ணெய் தடவிப் பின்னியும் விட்டிருந்தார்.

“காய்ஞ்சு கிடந்துது, அதுதான்.”

அதுவரை வில்லுக்கு மயிர் மாற்றியது கடைக்காரர்தான், எண்ணெய் கூடாதென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமா தூண்டில் முடிச்சுப் போட்டு மயிரை வில்லில் கட்டினார். அக்கா இழுத்தாள். வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போனது, சத்தமே இல்லை. அக்கா வில்லை மடியில் வைத்துவிட்டாள்.

“உந்தக் குதிரையை ஆருக்குக் கட்டிக்குடுக்கப் போறியள்?” என்று மாமா அம்மாவைக் கேட்டார்.

அம்மா மயிரை அவிழ்த்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். சீயாக்காயும் தேசிக்காய்ச் சாறும் போட்டு அலசினார். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் அலசினார். காய்ந்ததும் மாமா அதை மறுபடியும் வில்லில் கட்டி, வள்ளத்து ஓட்டை அடைக்க வைத்திருந்த குங்கிலியப் பிசின் கட்டியையும் கொடுக்க, அக்கா அதை மயிரில் தூள் படியத் தேய்த்தாள். முதலில் கதவு கிரீச்சிடுவதுபோல ஒரு சத்தம். பிறகு பாட்டு.

நான் முற்றமெல்லாம் துள்ளி ஓடினேன். “சத்தம் வந்திட்டுது அம்மா!”

“ஓம் ராசா,” என்றார் அம்மா. “இனிப் போயிடுவாள்.”

கோயிலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வித்துவானுக்குப் பிடித்துப்போனது. அக்காவை மாமாவின் வள்ளமே அக்கரைக்கு, இந்தியாவுக்கு, ஏற்றிப்போனது. பிறகு சண்டை எங்கள் ஊருக்கே வந்தது, நாங்களும் ஊரை விட்டு எழும்பினோம். அக்கா அங்கிருந்து இன்னும் தூரத் தேசத்துக்குப் போய்விட்டாள். போனில் கதைப்பாள், கேட்டால் வாசிப்பாள். போனில் அது சரியாக வராது.

அந்த எண்ணெயைக் கழுவாமல் விட்டிருந்தால் அக்கா எங்களோடு இருந்திருப்பாள். அலசும்போதே அம்மாவுக்கு அது தெரியும். துள்ளித் திரிந்த எனக்குத் தெரியவில்லை.

மாசி 3, செவ்வாய்க்கிழமை.