சித்திக்கு ஒரு வரி

வெள்ளிமலையை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தோம். சித்தப்பா முன்னால், நான் பின்னால். இறந்துபோன சித்தியின் போட்டோவை அவள் பிறந்த வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழி அது. நாளை மறுநாள் காரியம். அன்று சாயங்காலத்துக்குள் பேனரில் போடும் வரிகளைக் கடையில் கொடுத்தாக வேண்டும்.

சித்தப்பாவுக்கு அதுதான் பிழைப்பு. கள்ளக்குறிச்சியில் ஒரு பிளக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்குக் கவிதை எழுதித் தருவார். செத்தவர் பெயரைச் சொன்னால் டீ ஆறுவதற்குள் நாலு வரி வந்துவிடும். சித்திக்கு மட்டும் வரவில்லை. போட்டோ இருந்த கவரின் மேலேயே எழுதுவார், அடிப்பார், நடப்பார். கவரில் வெள்ளை இடம் தீர்ந்துகொண்டே வந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு பேனர்களைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான், எடுத்துக் கொடுத்தேன்.

“காற்றில் கரைந்த கற்பூரமேன்னு போடு சித்தப்பா.”

“அது ரைஸ் மில்லுக்காரரு அம்மாவுக்குப் போட்டதுடா.”

“அணையாத குத்துவிளக்கே?”

“அத வாத்தியாரு பொண்டாட்டிக்குப் போட்டேன். அவசரத்துல ஒரு பெரியவருக்கும் போட்டுட்டேன். ஆம்பளய எப்பிட்றா குத்துவிளக்குன்னு போட்டேன்னு சண்டைக்கு வந்துட்டாங்க.”

லேசாகச் சிரித்தார். மறுபடி கவரைத் திருப்பிப் பார்த்தார்.

பின்னால் வந்த பஸ் பக்கத்தில் நின்றது. “ஏறுங்கண்ணா, சின்னப் பையன வேற நடக்க வெச்சிக்கினு!” என்றார் கண்டக்டர். சித்தப்பா கையை ஆட்டி அனுப்பிவிட்டார். பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா சித்தப்பா, வந்த பஸ்ஸ வுட்டுட்ட?”

“வளைவு ஜாஸ்திடா. வாந்தி வரும்.”

“சித்திக்குத்தான வாந்தி வரும். நமக்கு இன்னா?”

சித்தப்பா நின்றுவிட்டார். அவளுக்காக எப்போதும் அடிவாரம் வரை நடந்துதான் இறங்குவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சித்தி வருவாள். சித்தப்பா வழியிலிருந்த சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் பள்ளத்தையே பார்த்தார். பிறகு கவரின் மூலையில் எழுதினார். அடிக்கவில்லை.

‘பஸ் வந்தது. நடந்தே வருகிறேன்.’

“இன்னாய்யா இது, டிக்கெட்டு வெவகாரம் மாதிரி கீது?” என்றார் சாயங்காலம் கவரைப் படித்த பிளக்ஸ் கடைக்காரர். ஆனாலும் அப்படியே அடித்துக் கொடுத்தார்.

காரியத்தன்று பந்தலில் அதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கற்பூரம், குத்துவிளக்கு. எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிய சித்திக்கு ஒரு பஸ்.

பின்னாளில் பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றினேன். லாரி ஷெட்டிலோ கரும்புக் கொல்லையிலோ உட்கார்ந்து ஏதாவது எழுதப் பார்ப்பேன்; வராது. எழுந்து நடப்பேன். சில நாள் வரும். பல நாள் கால்தான் வலிக்கும்.

நல்லதாக நாலு வரி எழுத வராததால் சித்தப்பாவின் வேலை போய்விட்டது என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். கடைக்காரரே வீட்டு வாசலில் வந்து நின்று அவரை மறுபடி எழுதக் கூப்பிட்டது என் கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மரவள்ளிக் கிழங்கு லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார்.