குரல் உடைந்த இடம்

தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஐசில்டா டல்லக்கின் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. இருபத்திரண்டு வருடங்களாக அவள் மற்றவர்களின் பாட்டுகளுக்குப் பின்குரல் கொடுத்துவந்தாள். பாடகன் ஒரு வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கும் இடத்தில், அவன் விட்ட கடைசிச் சொல்லை எடுத்து மெதுவாக இன்னொரு தரம் சொல்லும் மூன்று பெண்கள் இருப்பார்களே, அவர்களில் இடது ஓரத்தில் நிற்பவள். இசைத்தட்டின் அட்டையில் சில நேரம் அவள் பெயர் இருக்கும். சில நேரம் எழுத்துப் பிழையோடு இருக்கும். பெரும்பாலும் இருக்காது.

பாட்டு அவளுக்குச் சோறு போடவில்லை. போட்டது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். நாலரை மணிக்கு எழுந்து சோளமாவுக் கஞ்சி காய்ச்சி, பஸ் ஓட்டும் கணவன் எக்பர்ட்டை உலுக்கி எழுப்பிவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும். இரண்டு மணி வரை நீராவியும் வெளுப்புப் பொடியின் நெடியும். ஷிஃப்ட் முடிந்ததும், யாராவது கூப்பிட்டிருந்தால், நேராக ஸ்டுடியோ. அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். உட்கார்ந்தால் அவளுக்குப் பாட மூச்சு வராது. அப்போது வயது நாற்பத்தொன்பது. முழங்காலுக்கு அதைவிடப் பத்து வயது கூடுதல்.

1988 தொடக்கத்தில் ஒரு பிற்பகல், பேஸ் கிட்டார் வாசிக்கும் ரென்ஃபோர்ட் லாஸ் ஸ்டுடியோ வாசலில் அவளை மடக்கினான். அவன் அப்போதுதான் சொந்தமாகத் தட்டுகள் தயாரிக்கத் தொடங்கியிருந்தான்.

"மிஸ் ஐசி, எத்தனை வருஷந்தான் அடுத்தவன் பாட்டுக்கு 'ஊ' போட்டுக்கிட்டிருப்பீங்க? உங்க பேர்லயே ஒரு ஆல்பம் போடுவோம்."

"என்கிட்ட ஏதுப்பா பாட்டு?"

"போன வாரம் மைக் முன்னாடி ஏதோ முணுமுணுத்தீங்களே, அது என்ன?"

"அதுவா? எங்க தெருக் குழாய்ல அஞ்சு நாளாத் தண்ணி வரலை. வாளியோட நின்னப்போ வந்துச்சு. திட்டுறதுக்குப் பதிலாப் பாடினேன்."

"அதான் வேணும். இன்னும் ஒன்பது தரம் யாரையாவது திட்டுங்க, ஆல்பம் ஆயிடும்."

அவள் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரண்டாவது பாட்டு வந்துவிட்டது.

ஊரெல்லாம் அப்போது மெஷின் தாளத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கீபோர்டுக்காரன் விரல் நுனியில் முழு வாத்தியக் குழுவையும் வைத்திருந்தான். ரென்ஃபோர்ட் பிடிவாதக்காரன். உயிருள்ள ஆள் டிரம்ஸ் அடிக்க வேண்டும், ஆர்கனை உயிருள்ள ஆள் வாசிக்க வேண்டும் என்று பழைய கூட்டாளிகளைக் கூட்டிவந்தான். எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. ஆகவே கிடைத்த பிற்பகல்களில், கிடைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஆறு வாரம் பதிவு நடந்தது.

கடைசியாகப் பதிவானது 'தண்ணி வரலை'. அதற்கு முந்தின இரவு ஷிஃப்ட்டுக்கு இரண்டு பேர் வரவில்லை. அதையும் ஐசில்டாவே பார்த்து, காலை ஷிஃப்ட்டையும் முடித்துவிட்டு வந்திருந்தாள். பதினாறு மணி நேரம் ஈரப் போர்வை தூக்கிய கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் இரண்டு சரணமும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில், "குழாயே, என் பேரும் மறந்துபோச்சா?" என்ற வரியில், 'மறந்து' என்ற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மேலே போனது, இன்னொரு பாதி காற்றாகிவிட்டது. அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சைகை காட்டினாள். வாத்தியக்காரர்கள் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. அவளும் தொடர்ந்து பாட, பாட்டு முடிந்துவிட்டது.

"இன்னொரு தரம் எடுக்கலாம் ரென்ஃபோர்ட். அந்த இடம் கிழிஞ்ச தலகாணி உறை மாதிரி இருக்கு."

"டிரம்ஸ்காரருக்கு மாண்டிகோ பே ஓட்டல்ல கச்சேரி, மிஸ் ஐசி. வண்டி வாசல்ல நிக்குது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் ஸ்டுடியோ வேறு யாருக்கோ போய்விட்டது. தட்டு அப்படியே அச்சுக்குப் போனது.

ஜூலையில் ஆல்பம் 'ஆறு மணி பஸ்' என்ற பெயரோடு கடைக்கு வந்தது. அட்டையில் அவள் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அதையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் பத்திரிகையில் விமர்சனம். எழுதியவர் ஹார்ட்லி நெம்பார்ட். அவர் தலையாட்டினால் வானொலிக்காரர்களும் தலையாட்டுவார்கள். சலவைக்கூடத்தில் டாஃப்லின் என்ற சிநேகிதி, மடித்த போர்வைக் குவியலின் மேல் பத்திரிகையை விரித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினாள். நாலாவது வரியில் அவள் குரல் இறங்கியது.

"நிறுத்தாதே, படி," என்றாள் ஐசில்டா.

"வேணாம் ஐசி."

"படிடீ."

டாஃப்லின் படித்தாள். "'திருமதி டல்லக்கின் குரலை இருபது ஆண்டுகளாக மற்றவர்களுக்குப் பின்னால் ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அது அங்கேயே இருந்திருக்கலாம். இசை பத்து வருடம் பழையது. கடைசிப் பாட்டில் குரல் தவறிய ஓர் இடத்தைத் திருத்தக்கூட யாரும் சிரமப்படவில்லை.'"

கடைசி வாக்கியம்தான் அவளைச் சுட்டது. மற்றதெல்லாம் ஒருவருடைய ருசி. இது உண்மை.

சாயங்காலம் எக்பர்ட் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சுருட்டி மேசையில் அடித்தான். "இந்த ஆள் என் பஸ் நிறுத்தத்துல நிக்கட்டும். ஏத்தவே மாட்டேன்."

"அவர் கார் வச்சிருக்கார்."

"கார் நடுவழியில நிக்கட்டும். அப்பவும் ஏத்த மாட்டேன்."

வானொலியில் இரண்டு தரம் போட்டார்கள். பிறகு செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கில்பர்ட் புயல் வந்தது. ஐசில்டாவும் எக்பர்ட்டும் பகல் முழுக்க மேசைக்கடியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். தகரக் கூரை ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் ஒரே வீச்சில் போனது. ரென்ஃபோர்ட் தட்டுகளை அடுக்கிவைத்திருந்த அறையில் இடுப்பளவு தண்ணீர். அட்டைகள் ஊறிக் கூழாகிவிட்டன. மின்சாரம் இல்லாத ஆஸ்பத்திரியில் எல்லாத் துணியையும் கையால் துவைத்தார்கள். அந்த வாரங்களில் ஆல்பம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோனது.

நவம்பர் கடைசியில், லண்டனில் இருக்கும் சித்தி மகள் வெர்னாவிடமிருந்து தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு. ஆகஸ்டில் ரென்ஃபோர்ட் கப்பலில் அனுப்பிய முந்நூறு தட்டுகள் புயலுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அதில் ஒன்று மார்ட்டின் தர்கூட் என்ற விமர்சகர் கைக்குப் போயிருந்தது. அரைப் பக்கம் எழுதியிருந்தார். இந்த ஆண்டு தீவிலிருந்து வந்த ஆல்பங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று தொடங்கி, 'தண்ணி வரலை' பாட்டுக்கு மட்டும் மூன்று பத்தி ஒதுக்கியிருந்தார். அந்தக் குழாய் வெறும் குழாய் இல்லையாம், பைபிளில் கடவுள் தருவதாக வாக்களித்த நாடாம். குரல் உடையும் அந்த ஒரு நொடியில் நானூறு ஆண்டுகளின் அடிமைத்தளை கேட்கிறதாம்.

புதுத் தகரம் போட்ட கூரையின் கீழ் எக்பர்ட் அதை இரண்டு தரம் படித்தான்.

"நானூறு வருஷமா? நீ ரெண்டு ஷிஃப்ட்டுன்னு தானே சொன்னே?"

ஐசில்டாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே முகம் சூடானது. இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே இடத்தில் விரலை வைத்திருக்கிறார்கள். ஒருவர் பிழை என்கிறார், இன்னொருவர் கிரீடம் என்கிறார். திரும்பப் பாட ஒரு பதினைந்து நிமிஷம் கிடைத்திருந்தால் இரண்டு பேருக்குமே எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அந்தக் கட்டுரையால் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. 1989 ஏப்ரலில் மூன்று கச்சேரிகள். ஐசில்டா சேர்த்துவைத்திருந்த விடுப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு ரென்ஃபோர்ட்டோடு விமானம் ஏறினாள். முதல் கச்சேரிக்குப் பத்து நாள் முன்பே போய்விட்டார்கள். லண்டன் பிரிக்ஸ்டனில் வெர்னாவின் பின்னறையில் கட்டில், கனமான போர்வை, ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம். முதல் நாள் பதினான்கு மணி நேரம் தூங்கினாள். இரண்டாம் நாள் பன்னிரண்டு.

"செத்துகித்துப் போயிட்டியான்னு ரெண்டு வாட்டி வந்து மூச்சு பாத்தேன்," என்றாள் வெர்னா.

"நாலரை மணிக்குக் கண்ணு முழிக்குது வெர்னா. முழிச்சதும், எழுந்திரிக்க வேணாம்னு ஞாபகம் வருது. அந்த சுகத்துக்கே திரும்பத் தூங்கிடுறேன்."

பத்து நாளில் நெஞ்சிலிருந்த நெடி போய்விட்டது. முதல் கச்சேரியில் அவள் வாயைத் திறந்தபோது ரென்ஃபோர்ட்டே திரும்பிப் பார்த்தான். இருபது வயதில் இருந்திருக்க வேண்டிய குரல். 'தண்ணி வரலை' மூன்றாம் சரணத்தை, மனதுக்குள் எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு கீறல் இல்லாமல் பாடி முடித்தாள். மரியாதையாகக் கை தட்டினார்கள்.

முடிந்ததும் தர்கூட் பார்க்க வந்தார். ஒல்லியான, நல்ல மனிதர். தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"திருமதி டல்லக், அந்த மூணாவது சரணம்... இன்னைக்கு வேற மாதிரி பாடினீங்க?"

"ஆமாங்க. சரியாப் பாடினேன்."

"தட்டுல குரல் உடையுமே?"

"அன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்தேன் ஐயா. அதான். இப்போ நல்லாத் தூங்கினேன்."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார் என்பது இரண்டு நாள் கழித்து வெர்னா வாசித்தபோது தெரிந்தது. 'குறை சொல்ல முடியாத கச்சேரி, அதுவே குறை. தட்டில் ரத்தம் கசிந்த இடத்தில் மேடையில் வெறும் அழகு இருந்தது. உண்மையை அவர் வீட்டிலேயே விட்டு வந்துவிட்டார்.'

அடுத்த நாள் ரென்ஃபோர்ட் வெர்னாவின் சமையலறையில் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"இங்க தட்டுக் கம்பெனிக்காரங்க நாளைக்குக் கச்சேரிக்கு வர்றாங்க, மிஸ் ஐசி. அடுத்த ஆல்பத்துக்கு. அந்த ஒரே ஒரு இடத்துல கொஞ்சம் உடைச்சுப் பாடினீங்கன்னா..."

"தப்பா பாடச் சொல்றியா?"

"தட்டுல இருக்கிற மாதிரி பாடச் சொல்றேன்."

அவள் எழுந்துபோய்த் தன் கோப்பையைக் கழுவினாள். ஆனால் இரண்டாவது கச்சேரியில் அந்த வரி வந்தபோது தொண்டையை இறுக்கி, மூச்சைப் பாதியில் விட்டாள். குரல் சொன்னபடி பிளந்தது. அரங்கம் எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு பெண், ஐசில்டாவின் வயதுதான் இருக்கும், தீவிலிருந்து வந்தவள் போலத்தான் இருந்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐசில்டா அவளிடமிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள். மேடையிலிருந்து இறங்கியதும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். நெடுநேரம் குழாயை மூடவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு உண்மையிலேயே ஏதோ கஷ்டம் இருந்திருக்கு, வெர்னா," என்றாள் காரில். "நான் நடிச்சேன்."

"பாடுறவங்க எல்லாரும் நடிக்கிறாங்கதானே?"

"தெரியலை. நான் இதுவரைக்கும் நடிச்சதில்லை. இந்தச் சோர்வு ஷிஃப்ட்டுச் சோர்வைவிட மோசமா இருக்கு."

மூன்றாவது கச்சேரியில் மறுபடி நேராகப் பாடினாள். பாடும் முன் ரென்ஃபோர்ட்டைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தி, பேஸின் தந்தியைத் தொட்டு, வாசிக்கத் தொடங்கினான். அவனுக்கும் அவள் பாடியதுதான் சரி என்று தெரியும். அன்றும் வந்திருந்த கம்பெனிக்காரர்கள் தொடர்புகொள்கிறோம் என்று சொல்லிப் போனார்கள், அவ்வளவுதான்.

கிங்ஸ்டன் திரும்பிய திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் சலவைக்கூடத்தில் இருந்தாள். பின்குரல் பாடப் போவதையும் விடவில்லை. கூப்பிட்டவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்; மெஷினே இப்போது 'ஊ' போட்டது. இரண்டாவது ஆல்பத்துக்காக எழுதிய நாலு பாட்டு நோட்டிலேயே இருந்தது. ரென்ஃபோர்ட் சில வருடம் பொறுத்து மயாமிக்குக் குடிபெயர்ந்தான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தவறாமல் போன் செய்வான்.

தர்கூட் விடவில்லை. பத்து வருடம் கழித்து ஒரு புத்தகத்தில், மறக்கப்பட்ட பெரும் ஆல்பங்களில் ஒன்றாக 'ஆறு மணி பஸ்'ஸைச் சேர்த்து, அந்த உடைந்த நொடியைப் பற்றி மறுபடியும் ஒரு பக்கம் எழுதினார். அதைப் படித்த சிலர் வெளிநாட்டிலிருந்து கடிதம் போட்டார்கள். ஐசில்டா எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள், இரண்டிரண்டு வரியில்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு எக்பர்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தட்டைப் போடுவான். வீட்டில் எஞ்சியிருந்த ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் இது யாரைத் திட்டியது என்று ஞாபகப்படுத்திச் சிரிப்பான். பாதிக்கு மேல் அவனைத்தான். கடைசிப் பாட்டு தொடங்கும் முன் எழுந்துபோய் முள்ளைத் தூக்கிவிடுவான். வெகு நாளாக அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த அன்று கேட்டாள்.

"ஏன் எக்பர்ட், உலகமே புகழ்ற பாட்டைத் தூக்கிடுறே?"

"புகழட்டும்." அவன் தட்டை உறையில் போட்டான். "அன்னைக்கு நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாமப் படுத்தே. நாந்தான் கழட்டினேன். காலு வீங்கிப் போயிருந்துச்சு. அந்தப் பாட்டைக் கேட்டா எனக்கு அதுதான் கேக்குது."

 ஐசில்டா அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்த சீமைப்பலாக்காயைத் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.